அமெரிக்கக் குடிமை உரிமைப் போராளிகள் அஞ்சல் தலையில் இடம்பெறுவது எப்படி?

அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானம் நிறைவேற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள், போதாது. பொதுமக்கள் எழுதி அனுப்பும் பரிந்துரைகளை 1957 முதல் இயங்கும் குடிமக்கள் ஆலோசனைக் குழு ஆராய்கிறது. இறுதி முடிவு அஞ்சல் துறைத் தலைவருடையது. மறைந்து மூன்று ஆண்டுகளேனும் கழிய வேண்டும் என்பது இப்போதைய விதி; 2020இல் காலமான குடிமை உரிமைப் போராளி ஜான் லூயிஸின் அஞ்சல் தலை 2023இல் வெளிவந்தது.

மார்ட்டின் லூதர் கிங்குக்கு 1979இலேயே 15 சென்ட் அஞ்சல் தலை கிடைத்தது. ஆனால் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய உழைத்து, 1963இல் தம் வீட்டு முன்புறத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்ட மெட்கர் எவர்ஸும், அதே ஆண்டு அதே மாநிலத்துச் சிறையொன்றில் கொடூரமாக அடிக்கப்பட்ட ஃபேனி லூ ஹேமரும் 2009இல்தான், ஆறு அஞ்சல் தலைகளில் பன்னிருவரைத் தாங்கிய தொகுப்பில் இடம்பெற்றனர். இருவருக்கும் சேர்த்து ஒரே அஞ்சல் தலை. சிக்கனம்போலத் தோன்றினாலும், எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.