இலவச வகுப்புக்கு எதற்கு 6,500 ரூபாய்?

கேள்வி: எனக்கு ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். பி.எஸ்சி. விலங்கியல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். மேற்படிப்புக்கு வெளியூர் அனுப்ப வீட்டில் வசதி இல்லை. கடலைப் பற்றி முறையாகப் படிக்க ஆசை. நம் கரையின் பழைய வரலாறும் தெரிந்துகொள்ள வேண்டும். ராமநாதபுரத்தில் ஒரு மையத்தில் விசாரித்தபோது, “ஐஐடி நடத்தும் இலவச வகுப்பில் சேர்த்துவிடுகிறோம், 6,500 ரூபாய் ஆகும், சான்றிதழ் டிகிரிக்குச் சமம்” என்றார்கள். 500 ரூபாய் முன்பணமும் ஆதார் நகலும் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா? யூடியூபில் ஒரு வகுப்பைப் பார்த்தேன், ஆங்கிலம் பாதிக்கு மேல் புரியவில்லை. வீட்டில் இருப்பது ஒரே போன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பிக்கும் அதுதான்.

பதில்: கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த 6,000 ரூபாய் வீட்டிலேயே இருக்கட்டும்.

அவர்கள் சொல்லும் வகுப்பு உண்மையிலேயே இருக்கிறது, அது உண்மையிலேயே இலவசம். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய ‘என்பிடெல்’ திட்டத்தின் வகுப்புகள் அவை. 2017-ல் மத்திய அரசு தொடங்கிய ‘ஸ்வயம்’ தளம் வழியாக யார் வேண்டுமானாலும் சேரலாம். வயது வரம்பு கிடையாது, மதிப்பெண் வரம்பு கிடையாது, ‘சீட்’ என்ற பேச்சே கிடையாது. ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் பத்து நிமிடத்தில் நீங்களே சேர்ந்துவிடலாம். சேர்த்துவிடுவதற்கு நடுவில் ஆள் தேவையே இல்லாத ஓர் இடத்தில்தான் அவர்கள் கடை போட்டிருக்கிறார்கள்.

பல வருடம் கல்லூரியில் இந்த வகுப்புகளுக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்தவன் என்பதால், இந்தக் கடைகள் நடக்கும் விதம் எனக்குத் தெரியும். உங்களுக்குப் பதிலாக அவர்களே ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்குவார்கள். அதில் அவர்களுடைய போன் எண்ணைக் கொடுப்பார்கள். கடவுச்சொல் உங்களிடம் வராது. தேர்வு நேரம் வந்ததும், “ஹால் டிக்கெட் எடுக்க இன்னும் 1,500 ஆகும்” என்பார்கள். கணக்கு அவர்கள் கையில் இருப்பதால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. வேதாளைப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு பெண் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் படித்தவர். ஹால் டிக்கெட்டில் அவர் பெயரையே தப்பாக அடித்திருந்தார்கள், அடையாள அட்டையோடு பொருந்தவில்லை. திருத்தலாம் என்றால் ஓடிபி போவது கடைக்காரர் போனுக்கு. கடையோ பூட்டிக் கிடந்தது. அந்தப் பருவமே அவருக்கு வீணாகிவிட்டது.

அடுத்தது, டிகிரிக்குச் சமம் என்ற பேச்சு. பச்சைப் பொய். ஒரு பாடத்தைப் படித்து, அதன் தேர்வில் தேறினீர்கள் என்பதற்கு மட்டும்தான் அந்தச் சான்றிதழ். சென்னை ஐஐடி ஆன்லைனில் நடத்தும் பி.எஸ். பட்டப்படிப்பு வேறு, அது முழுக்க இலவசம் இல்லை, அதற்கெனத் தனித் தகுதித் தேர்வு உண்டு. இரண்டையும் வேண்டுமென்றே குழப்பித்தான் விற்கிறார்கள். “தேர்வு எழுதாமலே வாங்கித் தருகிறோம்” என்று யாராவது சொன்னால், வரப்போவது போலிச் சான்றிதழ் என்று புரிந்துகொள்ளுங்கள். உண்மையான என்பிடெல் சான்றிதழ் மின்வடிவில் வருவது. அதிலுள்ள கியூஆர் குறியை யார் ஸ்கேன் செய்தாலும் நிஜமா இல்லையா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

பணம் எங்கேதான் கட்ட வேண்டும்? தேர்வுக்கு மட்டும். வீடியோ பார்ப்பதற்கோ, வாராவாரம் வரும் பயிற்சிகளைச் செய்வதற்கோ ஒரு பைசா கிடையாது. சான்றிதழ் வேண்டும் என்றால் தேர்வுக் கட்டணம், அதுவும் ஒரு பாடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில்தான் வரும். தளத்தில் நீங்களே நேராகக் கட்டலாம். ஒன்றை மறக்காதீர்கள்: வகுப்பில் சேர்வது ஒரு பதிவு, தேர்வுக்கு விண்ணப்பிப்பது இன்னொரு பதிவு. வகுப்பில் சேர்ந்துவிட்டோமே என்று சும்மா இருந்து, தேர்வுக்கான கடைசித் தேதியைக் கோட்டை விட்டவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் என்னிடம் வந்து நிற்பார்கள். தேர்வு நேரில் போய் எழுதுவது. 75 மதிப்பெண் அதற்கு, 25 வாராந்தரப் பயிற்சிக்கு. பயிற்சியில் 10, தேர்வில் 30 இருந்தால் தேர்ச்சி.

அந்தத் தேர்வுக்கு இங்கிருந்து பிள்ளைகள் படும் பாட்டையும் சொல்லியாக வேண்டும். என் மாணவர்கள் மதுரைக்குப் போய்த்தான் எழுதினார்கள். காலை 9 மணிக்குத் தேர்வு என்றால் முதல் நாள் ராத்திரியே கிளம்ப வேண்டும். பெண் பிள்ளை என்றால் கூட ஒருவர். இரண்டு பேருக்குப் பஸ் செலவு, சாப்பாடு, துணைக்கு வருபவருக்கு ஒரு நாள் வேலை போச்சு. ‘எல்லாருக்கும் எங்கேயும் கல்வி’ என்று விளம்பரம் செய்கிறார்கள். தீவில் இருக்கும் பிள்ளை தேர்வு எழுத 160 கிலோமீட்டர் போக வேண்டியிருப்பது அவர்கள் கணக்கில் வருவதே இல்லை. எத்தனை முறை எழுதிக் கேட்டேன், எத்தனை கூட்டத்தில் பேசினேன். தலையை ஆட்டுவார்கள், அடுத்த பருவமும் அதே தேர்வு மையப் பட்டியல் வரும்.

அதனால் உங்களுக்கு என் யோசனை: இப்போதைக்குச் சான்றிதழை மறந்துவிடுங்கள். உங்கள் கேள்வியில் ‘ஆசை’ என்ற சொல் வருகிறது, ‘வேலை’ ஒரு முறைகூட வரவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைக்குச் சான்றிதழ் எதற்கு?

கடலுக்கு நான் சொல்வது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். 2007 முதல் தன் வகுப்பறைப் பாடங்கள் சிலவற்றை அப்படியே படம்பிடித்து இலவசமாக வைத்திருக்கிறது. அதில் பேராசிரியர் ரொனால்ட் ஸ்மித் வளிமண்டலம், கடல், சூழல் மாற்றம் பற்றி நடத்திய தொடர் ஒன்று இருக்கிறது. காற்று ஏன் திசை மாறுகிறது, கடல் நீரோட்டம் எப்படி உருவாகிறது என்று அடிப்படையிலிருந்து சொல்வார். நீங்கள் விலங்கியல் படித்தவர், ஸ்டீபன் ஸ்டேர்ன்ஸ் நடத்திய பரிணாமம், சூழலியல் வகுப்பு உங்களுக்கு இன்னும் சுலபமாகப் பிடிபடும். அங்கே சான்றிதழும் கிடையாது, தேர்வும் கிடையாது. யாரும் உங்களிடம் எதையும் விற்க முடியாது. எனக்கு அந்த இடம் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆங்கிலம் புரியவில்லை என்கிறீர்கள். ஒரு மணி நேர வகுப்பை ஒரே மூச்சில் பார்த்தால் யாருக்குமே புரியாது. யேல் தளத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஆசிரியர் பேசியது முழுவதும் எழுத்தாகவே இருக்கிறது. முதலில் அதில் இரண்டு பக்கம் படியுங்கள். அப்புறம் வீடியோவில் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும், வேகத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் உங்கள் வீட்டுச் சொல் என்று எழுதி வாருங்கள். ஆசிரியர் நீரோட்டத்துக்குச் சொல்லும் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே, அப்பா சொல்லும் ‘நீவாடு’ வரட்டும். காற்றுப் பாடம் வரும்போது வடக்கின் வாடை, கிழக்கின் கொண்டல், தெற்கின் சோழகம், மேற்கின் கச்சான் எல்லாம் அந்தப் பக்கத்தில் வந்து உட்காரும். கச்சான் வீசும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்க, வடக்கே பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் வடக்குப் பக்கம் சீறும். தெற்கை ஆண்கடல், வடக்கைப் பெண்கடல் என்று உங்கள் வீட்டில் பேசிக்கொள்வது இந்த இரண்டு கடலையும்தான். பாடத்தில் பருவக்காற்று வரும்போது இந்த இரண்டையும் மனதில் வைத்துக் கேளுங்கள். ஸ்மித் வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் படத்தில் பார்த்ததை, நீங்கள் பாம்பன் பாலத்தில் நின்றால் இரண்டு பக்கமும் நேரில் பார்க்கலாம்.

வரலாற்றுக்கு இரண்டு வழி. நம் கரையைப் பற்றி வேண்டும் என்றால் ஆங்கிலமே தேவையில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலக்கியம், வரலாறு, பண்பாடு பற்றிய பாடங்கள் தமிழிலேயே இலவசமாக இருக்கின்றன, மின்நூலகமும் உண்டு. அழகன்குளம் அகழாய்வு பற்றித் தேடிப் படியுங்கள். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். ரோமானியரோடு நடந்த வணிகத்துக்கான தடயங்களும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் அங்கே கிடைத்திருக்கின்றன. அதைப் படித்துவிட்டு, யேல் தளத்தில் டயானா கிளைனர் நடத்திய ரோமானியக் கட்டடக் கலை வகுப்புக்குப் போங்கள். நம் கரைக்கு வந்த சரக்கு கிளம்பிய ஊர்கள் எப்படி இருந்தன என்று கண்ணால் பார்க்கலாம். படங்கள் நிறைய இருப்பதால் ஆங்கிலமும் மிரட்டாது. என்பிடெல் பாடங்கள் சிலவற்றுக்கும் தமிழ் எழுத்துப் பிரதி வந்துவிட்டது, தளத்திலேயே தேடினால் கிடைக்கும்.

ஒரே போன் என்ற கவலைக்கு: யேல் வகுப்புகளை ஒலிக்கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம், வீடியோவைவிட டேட்டா குறைவாகவே போகும். வீட்டு டிவியில் டிடி ஃப்ரீ டிஷ் இருந்தால் ‘ஸ்வயம் பிரபா’ சேனல்களைத் தேடுங்கள். நாள் முழுக்கக் கல்லூரிப் பாடம்தான். தினமும் நான்கு மணி நேரம் புதிய பாடம், அதையே மேலும் ஐந்து முறை போடுவார்கள். டவர் இல்லாத நாளிலும் ஓடும். நெட்டே தேவைப்படாத இந்த வசதியை இந்தக் கரையில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்பது என் நீண்ட நாள் வருத்தம்.

இனி தம்பி விஷயம். சான்றிதழை மறந்துவிடுங்கள் என்று உங்களுக்குச் சொன்னது அவருக்குப் பொருந்தாது. இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர் ஸ்வயம் பாடத்தில் தேறினால், அந்த மதிப்பெண்ணைத் தன் டிகிரியிலேயே சேர்த்துக்கொள்ள வழி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் விதி போட்டது. 2021-ல் அதைத் திருத்தி, ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படி எடுக்கலாம் என்றது. கிரெடிட் என்பது டிகிரிக் கணக்கில் ஒரு பாடத்துக்கு உள்ள எடை. என்பிடெல் கணக்கில் பன்னிரண்டு வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட், எட்டு வாரத்துக்கு 2, நான்கு வாரத்துக்கு 1.

ஆனால் இது தானாக நடக்காது. பாடத்தில் சேர்வதற்கு முன்பே, முடித்த பிறகு அல்ல, முன்பே, தம்பி தன் துறைத் தலைவரிடம் எழுதிக் கேட்க வேண்டும். இந்தப் பாடத்தை எடுக்கலாமா, என் பாடத்திட்டத்தில் எந்தத் தாளுக்குப் பதிலாக இது வரும், எத்தனை கிரெடிட் என்று மூன்றும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். பதிலும் எழுத்தில், முத்திரையோடு வேண்டும். “செய்யுப்பா, பார்த்துக்கலாம்” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் கிளம்பி வந்துவிடக் கூடாது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்களே முடிவெடுப்பார்கள். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் பல்கலைக்கழகம் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்ப்பார்கள், அதனால் அந்தச் சுற்றறிக்கையின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். மாணவர் வாங்கும் கிரெடிட்டுகளை இணையத்தில் சேர்த்து வைக்கும் கல்விக் கிரெடிட் வங்கியில் கணக்குத் தொடங்கியிருக்க வேண்டும், அதற்கும் கட்டணம் இல்லை. தேர்வு முடிந்ததும் சான்றிதழின் நகலோடு மறுபடி ஒரு விண்ணப்பம். இத்தனையும் செய்த பிறகும் மதிப்பெண் பட்டியல் வரும் வரை வாரம் ஒரு முறை அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும். ஒரு மாணவன் 82 மதிப்பெண் வாங்கி வந்து நின்றான். முன் அனுமதிக் கடிதம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவன் கல்லூரி சேர்க்க மறுத்துவிட்டது. விதியைப் போட்டவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள், மறுத்தவர் பக்கத்து அறையில் இருக்கிறார், பையன் நடுவில் நின்று அழுதான். அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கடைசியாக, கொடுத்த 500 ரூபாய். போய்த் திருப்பிக் கேளுங்கள், அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். தராவிட்டால் விட்டுவிடுங்கள். 500 போகிறதே என்று மீதி 6,000-ஐக் கட்டிவிடாதீர்கள், அவர்கள் முன்பணம் வாங்குவதே அதற்காகத்தான். ஆதார் நகலைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் ஏதாவது மின்னஞ்சல் தொடங்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள், தொடங்கியிருந்தால் கடவுச்சொல்லை வாங்கி அங்கேயே நின்று மாற்றிவிடுங்கள். ஆதார் தளத்தில் கைரேகைப் பயன்பாட்டை நீங்களே பூட்டி வைக்கலாம். இனி யாராவது நகல் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும்படி எடுத்த பிரதியைக் கொடுங்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து, உங்கள் போனில், உங்கள் எண்ணில், நீங்களே ஒரு புது மின்னஞ்சல் தொடங்குங்கள்.