மனோரஞ்சிதம் வைத்து மூன்று வருடமாகியும் பூக்கவில்லை. பாம்பு வரும் என்று வேறு சொல்கிறார்கள். எடுத்துவிடலாமா?

தயவுசெய்து எடுக்காதீர்கள். மூன்று வருடமெல்லாம் மனோரஞ்சிதத்துக்கு ஒரு கணக்கே இல்லை. கன்று எப்படி வந்தது என்று நீங்கள் சொல்லவில்லை, நர்சரியில் வாங்கிய விதைக்கன்று என்றே வைத்துக்கொள்கிறேன். சீத்தாப்பழக் குடும்பத்துச் செடி இது, விதை முளைக்கவே ரொம்ப நாள் எடுக்கும், அப்புறம் பூக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பதியக்கன்று, அதாவது தாய்ச்செடியின் கிளையிலேயே வேர் விடவைத்துப் பிரித்தெடுத்த கன்று என்றால் சீக்கிரம் பூக்கும், ஏற்கெனவே பூத்துக்கொண்டிருந்த முதிர்ந்த கிளைதானே அது.

மன்னார்குடியில் எங்கள் அத்தை, அதாவது மாமியார், வீட்டுக் கிணற்றடியில் ஒரு மனோரஞ்சிதம் இருந்தது. பெயருக்குத்தான் கொடி, அடி மரம்போலத் தடித்திருக்கும். பூ பச்சையாக இருக்கும்வரை இலைக்குள் இருப்பதே தெரியாது, மஞ்சளாகத் தொடங்கினால் வாசலில் நிற்பவர்களுக்கும் வாசம் வரும். அத்தை அதைப் பறித்துப் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைப்பார். அவர் போன பிறகு வீட்டை விற்பதென்று முடிவானது, வாங்குகிறவர்கள் இடித்துவிட்டுக் கட்டப்போகிறார்கள் என்றும் தெரிந்தது. மற்றவர்கள் அண்டா, ஊஞ்சல் பலகை என்று பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தக் கொடிதான் வேண்டியிருந்தது.

குச்சியை வெட்டி நட்டால் இது லேசில் வேர் விடாது. அதனால் ஐப்பசி மழை பிடித்ததும், பென்சிலைவிடக் கொஞ்சம் தடித்த கிளைகளில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, உள்ளே வழவழவென்று இருக்கும் படலத்தையும் கத்தியால் சுத்தமாகச் சுரண்டினேன். அதை விட்டால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. வேர் விடத் தூண்டும் பொடியைத் தடவி, நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவை வைத்துப் பாலிதீன் சுற்றி இரு முனையும் இறுகக் கட்டினேன். இலை தயாரிக்கும் சத்து பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும், பட்டை இல்லாத இடத்தில் தேங்கி அங்கேயே வேராகிறது. தரையைத் தொடும் கிளைகளை லேசாகக் கீறி அப்படியே மண்ணில் புதைத்துக் கல்லை வைத்தேன். சில பட்டுப்போயின, மற்றவற்றில் பொங்கல் சமயத்தில் பாலிதீனுக்குள் வெள்ளை வேர் தெரிந்தது. அதில் ஒன்று இன்று திருச்சியில் எங்கள் வீட்டில் பூக்கிறது, இன்னொன்று நாத்தனார் வீட்டில் இருக்கிறது. முறைப்படி இப்படிச் செய்யக் கூடாது என்று யாராவது சொல்ல வருவீர்கள். நான் வேளாண்மை படித்தவள் இல்லை, ஆனால் செடி உயிரோடு நிற்கிறது.

பாம்பு விஷயத்துக்கு வருகிறேன். பூ வாசத்துக்குப் பாம்பு வருவதில்லை. புதர் அடர்ந்து கிடந்தால் எலி, ஓணான் தங்கும், அவற்றைத் தேடித்தான் பாம்பு வரும். அடியில் சருகைக் கூட்டி, தரையோடு கிடக்கும் கிளைகளை நீக்கினால் போதும். எங்கள் தெருவிலும் இந்தச் செடியை வெட்டச் சொல்லி வீட்டுக்கே வந்து பேசினார்கள். பக்கத்துக் காலி மனையில் தெருவே குப்பை கொட்டுகிறது, கல்யாண வீட்டு எச்சில் இலை முதற்கொண்டு அங்கேதான், பெருச்சாளி பகலிலேயே ஓடுகிறது. உரிமையாளர் வெளியூர், மனு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அதைக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை, பூச்செடி மட்டும் கண்ணை உறுத்துகிறது!

இன்னொன்று, உங்களுடையது மனோரஞ்சிதம்தானா என்றே முதலில் பாருங்கள். எங்கள் ஊர் நர்சரி ஒன்றில் இந்தப் பெயரைச் சொல்லி எனக்குக் காட்டியது கனங்கா, வாசனை சென்ட்டுக்கு இலாங் இலாங் எண்ணெய் எடுக்கும் செடி. அதன் இதழ்கள் நீளமாக, முறுக்கிக்கொண்டு தொங்கும். மனோரஞ்சித இதழ் தடிப்பாக இருக்கும், கொடியில் வளைந்த கொக்கிகள் இருக்கும். பூ அந்தக் கொக்கியிலிருந்துதான் வரும். குழந்தைகள் கையைக் கிழிக்கிறது என்று பலர் கொக்கியை நறுக்கிவிடுகிறார்கள், நீங்களும் அப்படிச் செய்திருந்தால் இனி விட்டுவிடுங்கள். தொட்டியில் இருந்தால் தரைக்கு மாற்றி, நல்ல வெயிலும் ஏற ஒரு பந்தலும் கொடுங்கள், மழைக்கு முன்னால் மட்கிய தொழு உரம் போடுங்கள்.