பள்ளி மாவட்டம் முழுவதும் மேகக்கணிக் கருவிகள்: கேள்வி பதில்

கேள்வி (தலைமையாசிரியர் ஒருவர்): எங்கள் மாவட்டப் பள்ளிகள் அனைத்தையும் ஒரே விடுமுறையில் கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு (மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு, ஆவணங்கள் ஆகியவற்றை இணையவழியே தரும் கூகுளின் கருவித் தொகுப்புக்கு) மாற்றிவிடலாமா?

பதில்: மின்னஞ்சல் முகவரிகளைத் திருப்பிவிடுவது ஓரிரு நாள் வேலைதான். ஆனால் ஆசிரியர்களின் பழக்கம் மாற ஒரு பருவமாவது ஆகும். விருப்பமுள்ள ஒரு பள்ளியில் தொடங்குங்கள். அங்கே எழும் ஐயங்களையே மற்றப் பள்ளிகளுக்கான பயிற்சிப் பாடமாக்குங்கள்.

கேள்வி (நிதிப் பிரிவு அலுவலர்): அடிப்படைப் பதிப்பு இலவசம் என்கிறார்கள். அப்படியானால் செலவே இராதா?

பதில்: உரிமக் கட்டணம் இல்லை என்பது உண்மை. எனினும் முன்பிருந்த வரம்பற்ற சேமிப்பிடம் 2022 முதல் மாவட்டம் முழுமைக்கும் பொதுவான 100 டெராபைட்டாகச் சுருங்கிவிட்டது. 20,000 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 5 ஜிகாபைட்தான். வகுப்புகளின் காணொளிப் பதிவுகள் அதை விரைவில் நிரப்பிவிடும். இணைய இணைப்பும் பயிற்சியும் தனிச் செலவுகள்.

கேள்வி (கணக்குப் பிரிவு ஊழியர்): எக்ஸெலில் எழுதிய மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்புகள்) வேலை செய்யுமா?

பதில்: கூகுளின் விரிதாளான ஷீட்ஸில் அவை இயங்கா, ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்னும் கூகுளின் நிரலாக்கக் கருவியில் புதிதாக எழுத வேண்டும். உங்கள் பிரிவுக்கு மட்டும் எக்ஸெலை விட்டுவைப்பதே நல்லது.

கேள்வி (ஆசிரியை ஒருவர்): பணி மாறிச் சென்றவரின் கணக்கை நீக்கியதும், நாங்கள் சேர்ந்து தயாரித்த வினாத்தாள்கள் காணாமல் போயின. ஏன்?

பதில்: மற்றவரோடு பகிர்ந்திருந்தாலும், 'மை டிரைவ்' என்னும் ஒவ்வொருவரின் தனிச் சேமிப்புப் பகுதியில் உள்ள கோப்பு அதை உருவாக்கியவருக்கே உரியது. உரிமையை வேறொருவருக்கு மாற்றாமல் கணக்கை நீக்கினால் கோப்பும் உடன் போய்விடும். 20 நாள்களுக்குள் நிர்வாகியால் கணக்கை மீட்க முடியும் என்பதால் இன்றே அவரை அணுகுங்கள். இத்தகைய இழப்பு தொடக்கத்திலேயே தவிர்க்கக்கூடியது என்பதால்தான், கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே எந்தக் கோப்பு யாருடையது என்று முடிவு செய்யுமாறு ஒவ்வொரு மாவட்டத்திடமும் மன்றாடுகிறேன். பாடத்துறைக்கு ஒன்றாகப் பகிர்வு டிரைவ் (குழுவுக்குப் பொதுவான சேமிப்பிடம்) அமைத்தால் கோப்புகள் மாவட்டத்தின் உடைமையாகும். ஆசிரியர் மாறினாலும் அவை அங்கேயே இருக்கும்.

கேள்வி (பெற்றோர் ஒருவர்): பிள்ளைகளின் தகவல்கள் பாதுகாப்பாக இருக்குமா?

பதில்: கூகுள் நிறுவனத்தின் உறுதிமொழி மட்டும் போதாது, மாவட்டமும் தன் பங்குக்கு ஆராய வேண்டும். டென்மார்க்கின் ஹெல்சிங்கர் நகராட்சி அபாயங்களைப் போதிய அளவு மதிப்பிடவில்லை என்று கூறி, 2022 ஜூலையில் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அங்குள்ள பள்ளிகளில் கூகுள் வொர்க்ஸ்பேஸ் பயன்பாட்டுக்குத் தடை விதித்தது. செப்டம்பரில் அத்தடை தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. யூடியூப் போன்ற கூடுதல் சேவைகள் கல்விக்கான முதன்மைச் சேவைகளின் ஒப்பந்தத்தில் அடங்கா. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அவற்றைத் திறக்கப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. ஆகவே எந்தெந்தச் சேவைகள் திறந்துள்ளன என்ற பட்டியலைப் பள்ளியிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்; அதைத் தர இயலாத பள்ளியில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம்.