கருவியை யார் தொடுவது?

வணக்கம். இயற்பியல் இளங்கலை முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது பள்ளியிலிருந்தே ஆசை. செய்முறை வகுப்பில் என் குழுவில் நான்கு பேர், மற்ற மூவரும் பையன்கள். கருவியை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ரீடிங் குறிக்கும் வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். வகுப்பிலும் எல்லாருக்கும் எல்லாம் முன்பே தெரிந்திருப்பதுபோல் இருக்கிறது. கேள்வி கேட்கவே கூச்சம். இந்தப் படிப்புக்கு நான் தகுதியானவள்தானா? என்ன செய்யட்டும்?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

தகுதியைப் பற்றி அப்புறம் பேசலாம். ரீடிங் விஷயத்தைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை தந்தது.

அடுத்த வகுப்பில் கருவி மேசைக்கு வந்ததுமே, “இன்று ஸ்பெக்ட்ரோமீட்டரை நான் சரிசெய்கிறேன், நீங்கள் யாராவது எழுதுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். சண்டை வேண்டாம், வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால், தனியாகச் செய்து பார்க்க ஆசிரியரிடம் நேரம் கேளுங்கள். முதலில் தப்பாகத்தான் வரும். தப்பாக வந்து, ஏன் என்று தேடினால்தான் எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பிடிபடும். எழுதிக்கொண்டு மட்டும் இருப்பவருக்கு அது கிடைக்காது.

ஜோசலின் பெல்லை நினைத்துக்கொள்கிறேன். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, நாலரை ஏக்கரில் ஒரு ரேடியோ தொலைநோக்கியைக் கட்டிய சிறு குழுவில் அவரும் ஒருவர். சம்மட்டி பிடித்துக் கம்பம் நட்டார், கம்பிகளை இணைத்தார். 1967-இல் அது வேலை செய்யத் தொடங்கியபோது இயக்கியவரும் அவர்தான். தினமும் ஏறக்குறைய முப்பது மீட்டர் வரைபடத் தாள் வரும், அதைக் கண்ணால் பார்த்தே அலச வேண்டும். அதில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு கிறுக்கல். விண்ணிலிருந்து வருவது எப்படி இருக்கும், மனிதர்களால் வரும் இரைச்சல் எப்படி இருக்கும் என்று அவர் கண்ணுக்குப் பழகியிருந்தது. இது இரண்டிலும் சேரவில்லை. விடாமல் பின்தொடர்ந்தார். 1.3 நொடிக்கு ஒருமுறை துடிக்கும் பல்சர் அகப்பட்டது, அதாவது சுழன்றபடி சீரான இடைவெளியில் ரேடியோ அலைகளை அனுப்பும் ஒருவகை விண்மீன்.

நீங்கள் கேட்ட கேள்வி அவரிடமும் இருந்தது. தன்னைத் தவறிச் சேர்த்துவிட்டார்கள், சீக்கிரம் கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றே நம்பியதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அனுப்பும் நாள்வரை ஒன்றையும் விட்டுவிடாமல் வேலை செய்வோம் என்று முடிவெடுத்தாராம். அந்தக் கிறுக்கல் அவர் கண்ணில் பட்டதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். ஆகவே சந்தேகம் போன பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

பல்சர் கண்டுபிடிப்பில் பங்காற்றியதற்காக 1974-இல் நோபல் பரிசு பெற்றவர் அவருடைய வழிகாட்டி ஆண்டனி ஹீவிஷ். ஜோசலின் பெல்லுக்கு இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. 2018-இல் வேறொரு பரிசாக முப்பது லட்சம் டாலர் வந்தபோது, இயற்பியலில் வாய்ப்புக் குறைந்த பிரிவுகளிலிருந்து வரும் ஆய்வு மாணவர்களுக்கென்று முழுவதையும் கொடுத்துவிட்டார்.

வகுப்பில் சரளமாகப் பேசுபவர்களில் பலருக்குக் கலைச்சொற்கள் முன்பே தெரியும், அவ்வளவுதான். மேரி கியூரி 1891-இல் பாரிஸுக்குப் படிக்க வந்தபோது கணிதத்தில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார். 1893-இல் இயற்பியல் தேர்வில் அவர்தான் முதலிடம். எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சம் என்றால் கேள்வியை எழுதிவைத்து, ஆசிரியரை அவர் அறையில் போய்ப் பாருங்கள்.

ஆராய்ச்சிக்கு வழிகாட்டி தேடும் காலம் வரும்போது, தலைப்பைப் பார்ப்பதற்கு முன் அவரிடம் படித்து முடித்தவர்களிடம் பேசுங்கள். குறிப்பாகப் பெண்களிடம். கட்டுரைகளில் மாணவர் பெயர் எங்கே வருகிறது என்றும் பாருங்கள். அதற்கு இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. இந்த விடுமுறைக்கே ஏதாவது ஒரு ஆய்வகத்தில் சேர்ந்து வேலை பார்க்க முடியுமா என்று இரண்டு மூன்று பேராசிரியர்களுக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் மனம் தளராமல் இன்னும் சிலருக்கு எழுதுங்கள்.