குளோரின் நெடியும் குடிநீரும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். தைப்பூசக் காவடி அன்னதானத்துக்குச் சமைத்தபோது, குழாய்த் தண்ணீரில் குளோரின் நெடி தூக்கலாக இருந்தது. குளோரினால் புற்றுநோய் தரும் பொருள்கள் உண்டாவதாக என் மருமகன் சொல்கிறார். குளோரின் கலப்பதையே நிறுத்திவிடலாகாதா?

பதில்: உங்கள் மருமகன் சொல்வது பாதி உண்மை. குளோரின் தனியாக நின்று அப்பொருள்களை உண்டாக்குவதில்லை. அணைக்கட்டு நீரில் கரைந்திருக்கும் மக்கிய இலை, மண், பாசி ஆகியவற்றின் சாற்றோடு அது வினைபுரியும்போதுதான் குளோரோஃபார்ம் முதலான டிரைஹேலோமீத்தேன்களும் ஹேலோ அசெட்டிக் அமிலங்களும் பிறக்கின்றன. ரோட்டர்டாம் நகரக் குடிநீர் வேதியியலர் யோஹானஸ் ரூக் 1974இல் இதை வெளிப்படுத்தினார். தைப்பூசம் நமக்குக் கோடை மழைக்காலத்தில் வருவதால், ஆறு அடித்துவரும் சாறும் கூடுகிறது, வெப்பத்தால் வினையும் விரைகிறது. ஆனால் நீங்கள் முகர்ந்தது குளோரினின் நெடிதான். அதைக்கொண்டு, இப்படி வினையில் பிறக்கும் துணைப்பொருள்களின் அளவைக் கணிக்க இயலாது.

ஆகவே, குறைக்க வேண்டியது முதலில் அந்தச் சாற்றையே. படிகாரம் போன்ற திரட்டும் பொருளைச் சற்றுக் கூடுதலாக இட்டு, நீரின் காரத்தன்மையையும் கொஞ்சம் தணித்தால், கரைந்த சாற்றின் பெரும்பகுதி திரண்டு வண்டலாகப் படியும். நைஸ்னாப் பக்கத்து ஆறுகளில் இந்தச் சாற்றால் தேநீர் நிறத்தில் ஓடும் நீரைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆற்று நீர் உள்ளே வந்தவுடன் குளோரின் இடும் பழைய வழக்கத்தை விட்டு, மணல் வடிகட்டியைக் கடந்தபின் இடுவது செலவு குறைந்த சீர்திருத்தம். மிஞ்சியதைக் கரிப் படுகை ஈர்த்துக்கொள்ளும், விலைதான் அதிகம். குளோரினை விட்டு ஓசோனுக்கு மாறலாம் என்பார்கள். நீரில் புரோமைடு என்னும் உப்பு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட் என்னும் வேறொரு தொல்லையாக்கிவிடும்.

நிறுத்துவது மட்டும் கூடாது. 2000-2001இல் நம் குவாசூலு-நட்டாலில் காலரா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியதை மறக்கலாமா? சுத்திகரிக்காத ஆற்று நீரை நம்பியிருந்த ஏழைக் குடும்பங்களே அதில் மிகுதியும் சிக்கின. குளோரோஃபார்முக்கு நம் நாட்டுத் தரவிதி, உலக சுகாதார நிறுவனத்தைப் போலவே, லிட்டருக்கு 300 மைக்ரோகிராம் வரை இடமளிக்கிறது. அமெரிக்காவிலோ நான்கு டிரைஹேலோமீத்தேன்களும் சேர்ந்தே 80ஐத் தாண்டலாகாது. நம் வரம்பு தாராளமானது என்பதே என் எண்ணம். ஆயினும் துணைப்பொருள்களின் தீங்கு நெடுங்காலம் பருகுவதால் வரக்கூடியது, காலராவோ சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது.

குளோரோஃபார்ம் சுமார் 61 பாகை செல்சியஸில் கொதிக்கும். எனவே ரசத்துக்கு வைக்கும் தண்ணீரை மூடாமல், ஜன்னலைத் திறந்துவைத்துச் சில நிமிடங்கள் கொதிக்கவிட்டால் அது பெருமளவு ஆவியாகிவிடும். ஹேலோ அசெட்டிக் அமிலங்கள் அவ்வளவு எளிதில் போகா. கரி வடிகட்டி பொருத்திய கூஜாவும் உதவும், கரியை உரிய காலத்தில் மாற்றினால். ஆனால் அப்படி வடிகட்டிய நீரை அன்னதானத்துக்கென்று முதல் நாளே டிரம்மில் நிரப்பி வைக்காதீர்கள். காவலுக்கு இருந்த குளோரினும் போய்விட்ட அந்நீரில் கிருமிகள் பெருகும்.