காட்டுத் தேனீக்கள் கூடு கட்ட, துளையிட்ட மரப்பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினால் போதுமா?

போதாது. பெட்டிக்கு வருபவை சிறுபான்மைதான். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட தேனீ இனங்கள் சுமார் 20,000. அவற்றில் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டி, தனித்தனியாக வாழ்பவை. ராணியும் இல்லை, வேலைக்காரத் தேனீக்களும் இல்லை. ஒரு பெண் தேனீ தானே அறை கட்டும், மகரந்தத்தைப் பூந்தேனில் குழைத்து வைக்கும், அதன்மேல் ஒரு முட்டையிட்டு வாயை அடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகும்.

அதனால் முதலில் மண்ணைக் கவனியுங்கள். நல்ல வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத ஒரு சதுர மீட்டர் இடத்தை வெறுமனே விடுங்கள். அங்கே மூடாக்கு, பிளாஸ்டிக் விரிப்பு, கொத்துதல் எதுவும் வேண்டாம். களையைக் கையால் பிடுங்கினால் போதும். லேசான சரிவு இருந்தால் இன்னும் நல்லது. பென்சிலைவிடச் சிறிய துளையும் அதைச் சுற்றிப் பொலபொலவென்று புதுமண்ணும் தெரிந்தால் எறும்புப் புற்று என்று மருந்து தூவிவிடாதீர்கள். வெயில் ஏறியபின் பத்து நிமிடம் பாருங்கள்: காலிலோ வயிற்றின் அடியிலோ மஞ்சள் பொடி அப்பிய ஒன்று உள்ளே நுழைந்தால் அது தேனீ.

பெட்டியும் வைக்கலாம், ஆனால் கடையில் கிடைப்பவற்றில் பலவற்றின் துளை ஆழம் போதாது. ஆழம் 15 செ.மீ. வேண்டும். பெண்ணாக வளரும் முட்டைகளைத் தேனீ உள்பக்கமும், ஆண் முட்டைகளை வாசல் பக்கமும் இடும். ஆழம் குறைந்தால் ஆண்களே அதிகம் பிறக்கும். அடுத்த பருவத்தில் கூடு கட்ட ஆளிருக்காது. துளையின் அகலம் 4 முதல் 10 மி.மீ. வரை கலந்து இருக்கட்டும். மூங்கிலாக இருந்தால் கணு ஒரு முனையை அடைத்திருக்கும்படி வெட்டி, திறந்த வாயை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். சிலும்பு இறக்கையைக் கிழித்துவிடும். கண்ணாடி, பிளாஸ்டிக் குழாய்கள் வேண்டவே வேண்டாம். உள்ளே ஈரம் கோத்து மகரந்தத்தில் பூஞ்சை பிடித்துப் புழு செத்துவிடும்.

காற்றில் ஆடாதபடி, ஒன்று முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், காலை வெயில் படும் பக்கமாக, மழைச்சாரல் படாமல் பொருத்துங்கள். வாசல் மண்ணால் அடைபட்டிருந்தால் கொத்தனார் தேனீயாக இருக்கலாம். இலைத்துண்டுகளால் அடைபட்டிருந்தால் இலைவெட்டித் தேனீ. ரோஜா இலை ஓரத்தில் வட்டமாக நறுக்கிய தடம் இதன் வேலை. செடிக்குக் கேடில்லை, பூச்சிமருந்து தேவையில்லை. சில இனங்கள் அடைத்த கூட்டுக்குள் பல மாதங்கள் இருக்கும், அவசரப்பட்டுச் சுத்தம் செய்யாதீர்கள். எல்லாம் வெளியேறியபின் பழைய குழாய்களை மாற்றிவிடுங்கள்; இல்லையென்றால் உண்ணியும் ஒட்டுண்ணிக் குளவியும் பெருகும். நூற்றுக்கணக்கான துளைகள் கொண்ட ஒரே பெரிய பெட்டியிலும் இதே சிக்கல்தான். சின்னச் சின்னதாகப் பிரித்து வைப்பதே நல்லது.

மரத்தைக் குடைந்து கூடு கட்டும் தச்சுத்தேனீக்குப் பட்டுப்போன கிளையையும் காய்ந்த மூங்கிலையும் விட்டுவையுங்கள்.

சிறிய தேனீக்கள் சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் போவதில்லை. ஆகவே பூக்கள் கூட்டுக்கு அருகிலேயே, பருவம் முழுக்க மாறிமாறிப் பூக்கிற நாட்டுச் செடிகளாக இருக்கட்டும். நாற்று வாங்கும்போது நியோநிகோட்டினாய்டு வகைப் பூச்சிமருந்து போட்டதா என்று கேளுங்கள். அது செடிக்குள் ஊடுருவி மகரந்தத்திலும் வந்துவிடும். காட்டுத் தேனீக்கு உதவுவதாக எண்ணித் தேன்பெட்டி வாங்கி வைப்பதையும் தவிருங்கள். பூ குறைவான இடத்தில் ஆயிரக்கணக்கான வளர்ப்புத் தேனீக்களோடு தனித்தேனீயால் போட்டியிட முடியாது.