பழைய திங்க்பேடா, புத்தம்புது செலரானா?

கேள்வி: மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். லேப்டாப்புக்கு 30,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். மதுரைக் கடையொன்றில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று ரீஃபர்பிஷ்டு லெனோவோ திங்க்பேட் டி480: 8ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விலை 24,000. மற்றது புதுசு: செலரான் என்4500, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 28,500. "அடுத்தவன் தேய்ச்சுப் போட்டதை எதுக்கு வாங்குறீங்க மாமா?" என்கிறார் என் மைத்துனர். எதை வாங்குவது?
- விருதுநகர் வாசகர்

டி480-ஐ வாங்குங்கள். ஆனால் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் கடையில் ஒன்றரை மணி நேரமாவது உட்கார வேண்டியிருக்கும். அதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தால், அந்தக் கடையே வேண்டாம்.

செலரானும் ஐ5-உம் இன்டெலின் பிராசஸர்கள், லேப்டாப்பின் மூளை. இந்தச் செலரான் 2021இல் வந்தது. அந்த ஐ5 வரிசை வந்தது 2017இல். வயதைப் பார்த்தால் செலரான்தான் இளசு. ஆனால் அதில் இருப்பது இரண்டே கோர், அதாவது வேலையைப் பங்குபோடும் உள்மூளை. ஐ5-இல் நான்கு கோர், ஒரே நேரத்தில் எட்டு வேலை வரிசை (த்ரெட்). செலரானைச் செய்ததே பிரவுசிங், மெயில், ஆன்லைன் வகுப்பு போன்ற சில்லறை வேலைகளுக்குத்தான். டி480 பெரிய அலுவலகங்களில் நாள் முழுக்க உழைக்கச் செய்யப்பட்டது. கம்பெனிகள் லீஸ் முடிந்ததும் மொத்தமாகக் கழித்துவிடுவதால்தான் இந்த விலைக்கு வருகிறது. முதல் வருடம் சி, பைத்தான் எழுதும்வரை உங்கள் மகளுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். மூன்றாம் வருட புராஜெக்டுக்கு மொபைல் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து, பக்கத்தில் குரோமில் பத்து டேபும் வைத்தால் செலரானுக்கு மூச்சு வாங்கும். இன்னொன்று, 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. 'இப்போது 8 வாங்கிவிட்டு அப்புறம் கூட்டிக்கலாம்' என்ற பழைய கணக்கு இன்றைக்குச் சரிவராது. உள்ளேயே 16 இருப்பது பெரிய விஷயம்.

'ரீஃபர்பிஷ்டு' என்ற சொல்லுக்கு மட்டும் மயங்காதீர்கள். ஒரு கடையில் பிரித்துத் தூசி தட்டி, பிராசஸர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மாற்றி, பேட்டரி சோதித்துத் தருவார்கள். இன்னொரு கடையில் மேலட்டையைத் துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டினால் அதுவே ரீஃபர்பிஷ்டு.

முதலில் தலைமுறை. ஸ்டிக்கரை நம்பாமல் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து, ஐ5-க்குப் பின்னால் உள்ள எண் 8இல் தொடங்குகிறதா பாருங்கள். 8250 அல்லது 8350 என்றிருந்தால் சரி. 7 என்றால் எழுந்து வந்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் பட்டியல், ஓரிரு விலக்குகள் போக, இன்டெலில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஆரம்பம். 6, 7ஆம் தலைமுறை மெஷின்களில் குறுக்குவழியில் 11-ஐ ஏற்றி விற்பவர்கள் உண்டு. இன்று ஓடும், பெரிய அப்டேட் வரும்போது தகராறு செய்யும்.

அடுத்து பூட்டு. இதில் நானே சூடுபட்டவன். நண்பருக்கு நான் பொறுக்கி எடுத்துக் கொடுத்த லேப்டாப் ஆறு மாதம் நன்றாக ஓடியது. ஒருநாள் ரீசெட் செய்து வைஃபையை இணைத்ததும், யாரோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி 'அலுவலக ஐடி கொடு' என்று நின்றுவிட்டது. கழித்துக் கொடுத்த கம்பெனி அந்த மெஷினைத் தன் ஆட்டோபைலட் பட்டியலிலிருந்து (கம்பெனிகள் தங்கள் மெஷின்களைப் பதிந்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு) நீக்கவேயில்லை. விற்ற கடையோ 'ஆறு மாசம் ஆச்சே சார்' என்று கையை விரித்தது. ஆகவே உங்கள் கண்ணெதிரே ரீசெட் போடச் சொல்லுங்கள். அது முடிந்ததும் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, எந்தக் கம்பெனி பெயரும் வராமல் டெஸ்க்டாப் வரை போகிறதா பாருங்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான். பிறகு மறுபடி ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தி, விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்ஸான பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம்.

பேட்டரி. கமாண்ட் பிராம்ப்டில் 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி, ஓர் இடம் விட்டு, முன்சாய்ந்த கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒரே சொல்லாகத் தட்டுங்கள். ஒரு ஃபைல் உருவாகும், அதைப் பிரவுசரில் திறந்து பாருங்கள். டி480-இல் பெரும்பாலும் இரண்டு பேட்டரி இருக்கும், உள்ளே ஒன்று, வெளியே கழற்றுவது ஒன்று. உள்ளே இருப்பதன் டிசைன் கெப்பாசிட்டி, அதாவது புதிதில் இருந்த கொள்ளளவு, ஏறக்குறைய 24,000 மில்லிவாட்-ஹவர் என்று காட்டும். அதன் கீழே ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி, அதாவது இப்போது பிடிக்கும் அளவு, 17,000-க்கு மேல் இருந்தால் ஓரளவு ஓட்டலாம். 12,000 என்றால் பாதி செத்த பேட்டரி, விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். வெளிப் பேட்டரிக்கு ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம், இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வரும்.

இரண்டு யுஎஸ்பி-சி போர்ட்டிலும் மாற்றி மாற்றிச் சார்ஜ் போட்டுப் பாருங்கள், இந்த மாடலில் சிக்கல் வருவது அங்கேதான். திரை 1920-க்கு 1080 பிக்சல் தானா என்றும் பாருங்கள். இதே டி480 1366-க்கு 768 திரையோடும் வந்தது, அதில் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் புரோகிராம் எழுதினால் கண் போய்விடும். பில் ஜிஎஸ்டி பில்லாக, சீரியல் எண்ணோடும் வாரண்டி காலத்தோடும் இருக்கட்டும்.

மைத்துனர் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. புதியதில் பேட்டரி புதுசு, கம்பெனி வாரண்டி உண்டு. பட்ஜெட்டைக் கொஞ்சம் நீட்டி, 12ஆம் தலைமுறை ஐ3-யும் ரேம் கூட்ட ஒரு காலி ஸ்லாட்டும் உள்ள புதியது கைக்கு எட்டினால், நானே அதைத்தான் சொல்வேன். ஏஎம்டி கம்பெனி பிராசஸரான ரைசன் 3 7320யு என்று யாராவது நீட்டினால் மட்டும் உஷார். எண் 7000 வரிசை, உள்ளே இருப்பதோ 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, அதன் ரேமும் போர்டிலேயே பற்றவைத்தது, பின்னால் கூட்ட முடியாது.

டி480 எடுத்தால் மிச்சமாகும் 6,000 ரூபாயை வேறு எதற்கும் எடுக்காதீர்கள், ஓரிரு வருடத்தில் பேட்டரி கேட்கும். கடைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எடை ஏறக்குறைய 1.6 கிலோ, பெரிய பேட்டரி மாட்டியிருந்தால் இன்னும் கூடும். பையில் போட்டுத் தோளில் மாட்டிப் பார்க்கட்டும், தினமும் பஸ்ஸில் சுமக்கப்போவது அவள்தானே.